அக்கல்ட்டிசம்: 'கரந்துறை வித்தை' பொருந்துமா?

> மறைஞானம் என்றே வைத்துக்கொள்ளலாமே? எளிதாகவும் இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

அக்கல்ட்டிசம் என்பது மறைந்திருக்கும் சக்திகளை அறிந்து பயன்படுத்த முயலும் துறை. அதற்குத் தமிழில் 'கரந்துறை வித்தை' என்று வைக்கலாமா என்பதே என் கேள்வி. நீங்கள் சொல்லும் மறைஞானம் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது ஏற்கெனவே மிஸ்டிசிசத்துக்கு, அதாவது இறையோடு ஒன்றும் அனுபவத்தை நாடும் நெறிக்கு, புழங்குகிறது. 'மறை' என்றதும் வேதமும் நினைவுக்கு வந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் 'ஞானம்'. ஐரிஷ் கவிஞர் யேட்ஸைப் பற்றி எழுதும்போது அங்கேதான் முட்டி நின்றேன்.

யேட்ஸ் 1888-இல் லண்டனில், பிளாவாட்ஸ்கி அம்மையார் நடத்திய பிரம்மஞான சபையின் (தியாசபிகல் சொசைட்டி) அகவட்டப் பிரிவில் சேர்ந்தார். (உள்வட்டத்தாருக்கு மட்டுமே உரியது என்று பொருள்படும் 'எசோடெரிக்' என்பதற்கு 'அகவட்ட' என்று போட்டிருக்கிறேன்.) படிப்பதோடு அவருக்கு மனம் அடங்கவில்லை, செய்து பார்க்க வேண்டும். பூவைச் சுட்டுச் சாம்பலாக்கி, நிலவொளியில் கண்ணாடிக் குடுவையால் மூடிவைத்தால் பூவின் ஆவி எழும் என்றார்கள், அதையும் முயன்றார். இத்தகைய சோதனைகள் சபைக்கு ஒவ்வவில்லை. 1890-இல் அவரை விலகச் சொன்னார்கள். அதே ஆண்டு அவர் சேர்ந்த கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கத்தில் சடங்கும் சின்னங்களும்தான் பாடமே. 1901-இல் மந்திரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அதன் தத்துவத்தோடு செய்முறையையும் நம்புவதாகவே தொடங்குகிறார். அறிவதும் செய்வதும் சேர்ந்தது இது. 'ஞானம்' பாதியைத்தான் சொல்லும். 'வித்தை' இரண்டையும் தாங்கும்.

மாந்திரீகம் என்றால் நம் காதில் தகடும் செய்வினையும்தான் விழும். அது வேண்டாம்.

'கரந்துறை' நம்மிடம் பழகிய சொல். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருந்தால் கரந்துறைப் பாட்டு. ராகு கேதுவைக் கரந்துறை கோள்கள் என்கிறோம். அக்கல்ட் என்பதன் லத்தீன் மூலத்துக்கும் 'மறைக்கப்பட்டது' என்றே பொருள். குறியீடுகளுக்குள் பொருளை ஒளித்த ஒரு கவிஞருக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

அக்கல்ட்டிசத்துக்கு முன்பு இங்கே ஒருவர் சொன்ன 'கரவியல்' எனக்கு உடன்பாடில்லை. கரவு என்றால் வஞ்சகம். சபையின் தலைமையகமான சென்னை அடையாற்றில் பிளாவாட்ஸ்கி காட்டிய அற்புதங்கள் மோசடி என்று, அவற்றை விசாரித்த ஹாட்ஜ்சனின் அறிக்கை 1885-இல் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடக் கூடாது.

தியாசபிக்குச் சொல்லுக்குச் சொல் 'இறைஞானம்' வரும். என்றாலும் அடையாறு சபைக்கு நிலைத்துவிட்ட பெயரை மாற்ற வேண்டாம், பிரம்மஞானமே இருக்கட்டும்.

இத்துறையில் ஈடுபடுபவரான அக்கல்ட்டிஸ்ட்டுக்குத்தான் இன்னும் தயக்கம். 'கரந்துறை வித்தகர்' என்றால் புகழ்ச்சி கூடிவிடுகிறது. 'வித்தைக்காரர்' என்றால் தெருவில் வித்தை காட்டுபவராகிவிடுவார். உங்களுக்கு வேறு தோன்றினால் எழுதுங்கள் ஐயா.