ஆர்வெல்லின் '1984': கட்டுரைக்கு எங்கிருந்து தொடங்குவது?

தேர்வுக்கால வாசகி:
'1984' நாவல் எங்களுக்குப் பாடம். முழுதாகப் படித்துவிட்டேன், பிடித்தும் இருக்கிறது. ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் "சர்வாதிகாரம் மனிதனை நசுக்கும், கண்காணிப்பு ஆபத்தானது" என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. எல்லாரும் எழுதப்போவதும் அதைத்தான். வகுப்பில் கலந்துரையாடல் வேறு இருக்கிறது. எப்படிப் படித்தால் சொல்ல விஷயம் கிடைக்கும்?

பக்கம் புரட்டி:
கருப்பொருளை ஓரமாக வையுங்கள். ஒரு சின்னப் பொருளைப் பிடித்துக்கொண்டு நாவல் முழுக்கப் பின்னாலேயே போங்கள். சாக்லேட்டை எடுத்துக்கொள்ளுங்களேன். வாரப் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறையும் என்று, ஆட்களைக் கண்காணிக்கும் திரையான டெலிஸ்கிரீன் அறிவிக்கிறது. அந்த ஆண்டு குறைக்கவே மாட்டோம் என்று அரசு முன்பு கொடுத்திருந்த வாக்கைப் பழைய செய்தித்தாளில் மாற்றி எழுதும் வேலை நாவலின் நாயகன் வின்ஸ்டனிடமே வருகிறது. அப்புறம் உணவுக்கூடத்தில், பங்கீட்டை 20 கிராமாக உயர்த்தியதற்கு மக்கள் ஊர்வலம் போய் நன்றி சொன்னார்கள் என்று செய்தி! குறைப்பை அறிவித்து ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது. சக ஊழியன் பார்சன்ஸ் அப்படியே நம்பிவிடுகிறான், புத்திசாலியான சைமும் தன் வழியில் சுற்றிவந்து நம்புகிறான். நேற்று நடந்தது எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறதா என்று வின்ஸ்டன் திகைக்கிறானே, கட்டுரையை அங்கே தொடங்கலாம்.

இரண்டாம் பகுதியில் காதலி ஜூலியா தரும் கள்ளச்சந்தைச் சாக்லேட்டின் மணம் அவனுக்குள் எதையோ கிளறும். சிறுவயதில் பசி தாங்காமல் தங்கை கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது பிறகு நினைவுக்கு வரும். எந்த ஆவணத்திலும் இல்லாத, அதனால் யாராலும் திருத்த முடியாத, அவனுக்கே வெட்கமான நினைவு அது. எனக்கு நாவலின் மையமே இதுதான்.

கடைசி வரிசை:
மேலே சொன்னது அருமை. வகுப்புக்கு ஒன்று சொல்கிறேன்: வின்ஸ்டனை வெறும் பலிகடா ஆக்காதீர்கள். அவன் வாழ்க்கையில் பெரிய இன்பமே அந்தப் பொய் எழுதும் வேலைதான் என்று நாவலே சொல்கிறது. இல்லாத ஒகில்வி என்ற வீரனை அவன் ரசித்து ரசித்து உருவாக்குவதைப் படித்துக்காட்டி, "இவன் எதிர்ப்பாளனா, கூட்டாளியா?" என்று கேளுங்கள், விவாதம் தானே சூடுபிடிக்கும்.

மறுவாசிப்பு:
நாவலின் கடைசியில் வரும் பின்னிணைப்பை விட்டுவிடாதீர்கள், நிறையப் பேர் படிப்பதே இல்லை. அரசு உருவாக்கும் புதிய மொழியான நியூஸ்பீக்கைப் பற்றி அது இறந்தகாலத்தில் பேசுகிறது, எனவே அந்த ஆட்சி பின்னால் விழுந்துவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. நான் ஏற்கவில்லை. ஆட்சியின் தலைவரான பெரிய அண்ணனை வின்ஸ்டன் நேசிப்பதாக முடியும் கதையின் கனத்தை ஒரு வினைமுற்றை வைத்து இறக்கிவிட முடியாது. ஆனால் இரு தரப்பையும் எழுதி நீங்கள் எந்தப் பக்கம் என்று காரணத்தோடு சொன்னால் கட்டுரைக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

தேர்வுக்கால வாசகி:
நன்றி! சாக்லேட்டையே எடுக்கிறேன். தேர்வில் நீளமான மேற்கோள் தேவையா?

பக்கம் புரட்டி:
வேண்டாம். நாலைந்து சொல் போதும், அது யார் வாயில், எந்தக் கட்டத்தில் வருகிறது என்று எழுதுங்கள். 30, 20 என்ற எண்களை மட்டும் மறக்காதீர்கள்.