பில்லட்டில் ஈக்வியாக்ஸ்டு பகுதி கணிப்பை விட அதிகம் வருகிறது, எதைத் திருத்துவது?

வார்ப்பு_மாணவி:
வணக்கம். 160 மி.மீ. சதுர பில்லட் (வார்த்த எஃகுக் கட்டை), 0.8% கார்பன் எஃகு, வளைவு கேஸ்டர் (உருக்கை வளைந்த பாதையில் இறக்கித் தொடர்ச்சியாக வார்க்கும் இயந்திரம்), வேகம் நிமிடத்துக்கு 2 மீட்டர். மோல்டில் (தண்ணீரால் குளிரும் அச்சில்) உருக்கைக் கலக்க ஒரு மின்காந்த ஸ்டிரர், மெனிஸ்கஸுக்கு (மோல்டில் உருக்கின் மேல்மட்டத்துக்கு) 4 மீட்டர் கீழே ஸ்டிராண்டில் (மோல்டிலிருந்து இறங்கும் வார்ப்பில்) இன்னொன்று. வெப்பக் கணக்கின் மேல் செல்லுலார் ஆட்டோமேட்டா (இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துப் படிக வளர்ச்சியைக் கணிக்கும் முறை) ஓட்டுகிறேன். டென்ட்ரைட் (மரக்கிளை போல வளரும் படிகம்) நுனி வேகத்துக்கு கே.ஜி.டி. (Kurz-Giovanola-Trivedi) மாடல், நியூக்ளியேஷனுக்கு (புதுப் படிகங்கள் முளைப்பதற்கு) வழக்கமான காஸியன் (மணி வடிவப்) பரவல். டண்டிஷில் (மோல்டுக்கு உருக்கை ஊற்றும் தொட்டியில்) சூப்பர்ஹீட் (உறையத் தொடங்கும் வெப்பநிலைக்கு மேலான சூடு) 25 டிகிரி இருந்த ஹீட்டுக்கு (ஒரு தடவை உருக்கிய எஃகுக்கு) 20% ஈக்வியாக்ஸ்டு (எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வளர்ந்த படிகங்கள் உள்ள நடுப்பகுதி) என்று கணிப்பு சொல்கிறது, ஆனால் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எட்ச் செய்த (அரித்துப் படிக அமைப்பைத் தெரியவைத்த) துண்டில் 35% தெரிகிறது. நியூக்ளியேஷனின் சராசரி அண்டர்கூலிங்கை (உறையத் தொடங்கும் வெப்பநிலைக்கு எவ்வளவு கீழே போனால் படிகம் முளைக்கும் என்பதை) 5 டிகிரியிலிருந்து 3-க்கு இறக்கினால் பொருந்திவிடும். இறக்கலாமா?

மெல்ட்ஷாப்:
இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். சராசரி, பரவலின் அகலம், அதிகபட்ச அடர்த்தி என்று அந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் எந்தப் படத்தையும் கொண்டுவந்துவிடலாம், சூப்பர்ஹீட் 40 ஆன ஹீட்டில்தான் அதன் குட்டு வெளிப்படும். முதலில் வெப்பக் கணக்கு சரியா என்று பாருங்கள். மோல்டு வெப்பப் பாய்வுக்குப் பலரும் எடுத்துப் போடுவது 1954-ல் சாவேஜும் பிரிட்சார்டும் தந்த சூத்திரம், அது அசையாத மோல்டில் அளந்தது. உங்கள் மோல்டுக்குள் போகும் தண்ணீரின் அளவும், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதன் வெப்பநிலையும் பதிவில் இருக்குமே, அதிலிருந்து சராசரிப் பாய்வைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். டென்ட்ரைட்டின் இரண்டாம் நிலைக் கிளை இடைவெளியை அளந்தும் பார்க்கலாம், ஆனால் அது குளிரும் வேகத்தோடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடுக்கில்தான் மாறும். அதாவது வேகம் இரண்டு மடங்கு தவறாக இருந்தாலும் இடைவெளியில் கால் பங்கு வித்தியாசம்தான் தெரியும், அதனால் நாலைந்து கிளைகளை அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

இதைவிட நல்ல சாட்சி உங்கள் துண்டிலேயே இருக்கலாம். ஸ்டிராண்ட் ஸ்டிரர் இருந்தால் எட்ச்சில் வெள்ளைப் பட்டை விழும், கலக்கிய நேரத்தில் உறையும் முகப்பு எங்கே இருந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அது மேற்பரப்பிலிருந்து எத்தனை மி.மீ.?

டென்ட்ரைட்:
துண்டைக் குறுக்காக மட்டும் வெட்டினீர்களா? நீளவாக்கிலும் வெட்டிப் பாருங்கள். வளைவு கேஸ்டரில் மிதக்கும் படிகங்கள் வெளி ஆரப் பக்கம் படியும், உள் ஆரப் பக்கக் காலம்னர் (ஓரத்திலிருந்து உள்நோக்கி வளரும் தூண் போன்ற படிகங்கள்) தடையில்லாமல் நீளும், அதனால் ஈக்வியாக்ஸ்டு பகுதி நடுக்கோட்டில் உட்காராது. 35% என்பதை எந்தக் கோட்டில் அளந்தீர்கள் என்பதே விடையை மாற்றும். அப்புறம், காலம்னர் கிளைகள் சாய்ந்திருக்கின்றனவா? ஓட்டம் வரும் திசையை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஸ்டிரர் உருக்கை நன்றாகச் சுழற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டம் சூப்பர்ஹீட்டைச் சீக்கிரம் கரைத்துவிடும், உடைந்த கிளைத் துண்டுகளையும் நடுவில் கொண்டுபோய்ப் போடும். உங்கள் மாடலில் ஓட்டமே இல்லை என்றால் அந்தத் துண்டுகளின் வேலையையும் நியூக்ளியேஷன் எண்கள்தான் சுமக்கின்றன. அவை அந்த ஸ்டிரர் கரண்டுக்கு மட்டுமே செல்லும், வேறு கிரேடுக்கோ வேறு அளவு பில்லட்டுக்கோ எடுத்துப் போகவே கூடாது.

வார்ப்பு_மாணவி:
பட்டை இருக்கிறது! மேற்பரப்பிலிருந்து 37 மி.மீ. அந்த இடத்தில் என் கணக்கு 43 தருகிறது, சாலிடஸ் கோட்டை (எஃகு முழுவதும் உறைந்து முடியும் இடத்தை) வைத்து எடுத்தது. கிளைகளும் சாய்ந்துதான் இருக்கின்றன.

மெல்ட்ஷாப்:
அப்படியானால் வித்தியாசம் 6 மி.மீ.க்கும் மேல். பட்டை விழுவது சாலிடஸ் கோட்டில் அல்ல, அதற்கும் உள்ளே, திரவம் புகுந்து அலசக்கூடிய மஷி (பாதி உறைந்த) பகுதியில். 0.8% கார்பனுக்கு அந்தப் பகுதி அகலமானது. உங்கள் கணக்கில் இரண்டாம் நிலைக் குளிர்விப்பு (மோல்டுக்குக் கீழே தண்ணீர் ஸ்பிரே) நிஜத்தை விடக் கடுமையாக இருக்கிறது, வெப்பச் சரிவு கூடிக் காலம்னர் நீண்டுவிடுகிறது. ஸ்பிரே மண்டலங்களின் குணகங்களைக் குறைத்து முதலில் பட்டையைப் பொருத்துங்கள். மீதி வித்தியாசத்துக்கு மட்டும் நியூக்ளியேஷனைத் தொடுங்கள், அதையும் 25, 40 என்று இரண்டு சூப்பர்ஹீட் ஹீட்டுகளுக்கும் ஒரே எண்கள் பொருந்தும்படி.