புதுப்பிப்பு: அம்மாவின் மருத்துவ அறிக்கைகள்

கல்முனையில் ஒரு தனியார் மருத்துவ நிலையம் அம்மாவின் அறிக்கைகளை எங்களிடம் கேட்காமலே மட்டக்களப்பிலுள்ள நிபுணருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இப்போது பதில் கிடைத்திருக்கிறது.

முகாமையாளர் நேரில் அழைத்தார். “நல்லதற்காகத்தானே அனுப்பினோம், தங்கச்சி” என்றார். நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நீரிழிவு பார்க்கும் வைத்தியருக்குச் சீனி அளவும் சிறுநீரக அறிக்கையும் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு அம்மா எடுத்த மனநலச் சிகிச்சையின் குறிப்பு எதற்கு? அதுவும் ஓர் ஊழியரின் சொந்தக் கைபேசியிலிருந்து!

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை, கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விசேட வகையில் சேர்த்திருப்பதை எடுத்துச் சொன்னேன். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அதில் இடமுண்டு. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் கையொப்பத்துக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இதுவோ முன்கூட்டியே திகதி குறித்த சந்திப்பு.

இப்போது ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்: யாருக்கு, எந்த அறிக்கை, என்ன காரணம். அதை என் பக்கம் நீட்டினார்கள். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்து, பழைய குறிப்புகள் என்ற வரியைப் பேனையால் அழுத்தி வெட்டிவிட்டுத்தான் கையொப்பமிட்டார். எனக்கு அவ்வளவு நிம்மதி.

கைபேசியிலிருந்த பிரதிகளை அழித்துவிட்டதாக வாயால் சொல்கிறார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறேன், நிபுணரின் பக்கமும் கேட்டிருக்கிறேன். கடிதம் வந்ததும் எழுதுகிறேன்.