புலி ஏன் பச்சையாக இல்லை? வண்ணம் தீட்டுவதைத் தாண்டிய செயல்பாடுகள் தேவை

கேள்வி:
வணக்கம். ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விலங்குகளின் நிறங்களையும், உடலில் உள்ள வரிகளையும் புள்ளிகளையும் பற்றிச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கோட்டோவியம் கொடுத்தால் எல்லோரும் ஆசையாக வண்ணம் தீட்டுகிறார்கள். ஆனால் அந்த நிறம் அந்த விலங்குக்கு எதற்கு என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவதேயில்லை. ஒரே ஒரு குழந்தை மட்டும் புலிக்குப் பச்சை பூசிவிட்டு, "காட்டில் ஒளிந்துகொள்ள இதுதானே நல்லது?" என்று கேட்டது. இதற்கு என்ன விடை சொல்லலாம்? காரணத்தைக் குழந்தைகளே கண்டுகொள்ளும்படியான செயல்பாடுகள் இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 1:
அந்தப் படத்தைத் திருத்த வேண்டாம். பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம். பாலூட்டிகளின் மயிருக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதன் ஒரு வகை கறுப்பையும் பழுப்பையும் தருகிறது, மற்றொரு வகை மஞ்சளையும் செம்மையையும் தருகிறது. பச்சை நிறமியை அவற்றின் உடல் உண்டாக்குவதில்லை. (மரக்கிளைகளில் தொங்கி வாழும் ஸ்லாத் என்னும் விலங்கு பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் அதன் மயிரில் வளரும் பாசி.) புலிக்குப் பச்சை தேவையும் இல்லை. நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் நம் கண்ணில் மூன்று வகை, மானின் கண்ணில் இரண்டே வகை. ஆகவே செம்மஞ்சளையும் பச்சையையும் மான் நம்மைப் போலப் பிரித்தறிவதில்லை. உயர்ந்த புல்லுக்குள் நிற்கும் புலியின் வண்ணப்படத்தைக் காட்டிவிட்டு, அதையே கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டுங்கள். வரிகள் புல்லின் நிழல்களோடு கலந்து, உடலின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கும். மானுக்கு நீலமும் மஞ்சளும் தெரியும், எனவே அது பார்ப்பது முழுக் கறுப்பு வெள்ளை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

மறுமொழி 2:
வெளியே புல்தரை இருந்தால் கம்பளி நூல் விளையாட்டை நடத்திப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு நூல்களை ஒரே நீளத்தில் நறுக்கி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரே எண்ணிக்கையில் எடுத்துப் புல்லில் தூவ வேண்டும். நூல்கள் புழுக்கள், குழந்தைகள் பறவைகள். ஓடிச் சென்று முதலில் கண்ணில் படும் ஒரு புழுவை மட்டும் எடுத்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அவசரம் இருந்தால்தான் விளையாட்டு சரியாக அமையும். நிதானமாகத் தேடவிட்டால் தங்களுக்குப் பிடித்த நிறத்தைத்தான் எடுப்பார்கள். பிறகு அதையே காய்ந்த சருகுகள் கிடக்கும் இடத்தில் நடத்தினால், பச்சை அகப்பட்டுக்கொள்ளும், பழுப்பு தப்பும். நல்ல நிறம் என்று தனியாக ஒன்றும் இல்லை, இடத்தைப் பொறுத்தே எல்லாம் என்பது அப்போது விளங்கும். பெரிய குழந்தைகளாக இருந்தால் இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சியின் கதையையும் சொல்லலாம்: 1848இல் மான்செஸ்டரில் அதன் கரிய வகை பதிவானது, ஆலைப்புகை மரங்களைக் கருக்கக் கருக்க அவ்வகை பெருகியது, காற்று தூய்மையான பின் வெளிர்நிற வகை மீண்டும் மிகுந்தது.

மறுமொழி 3:
இவை நல்ல யோசனைகளே. ஆனால் எல்லா நிறமும் ஒளிவதற்காகத்தான் என்ற எண்ணத்தைக் குழந்தைகளிடம் விதைத்துவிடக் கூடாது. பாடப்படங்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரிகள் கொண்ட போர்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்திப் பார்த்தார்கள். வரிப்போர்வையின் மீது இறங்கிய குதிரை ஈக்கள் மிகக் குறைவு. போர்த்தாத தலைப்பகுதியிலோ வேறுபாடு இல்லை. வரிக்குதிரையின் வரிகள் ஈக்களைத் தடுமாறச் செய்கின்றன என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. நச்சுத் தவளைகளுக்கும் பொறிவண்டுகளுக்கும் பளிச்சென்று தெரிவதே பாதுகாப்பு. மேலே சொன்ன நூல் விளையாட்டிலேயே இதைக் காட்டலாம்: சிவப்பு நூலை எடுத்துவந்தவர் அடுத்த ஓட்டத்தில் உட்கார வேண்டும் என்று விதி வையுங்கள், ஆனால் அதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். சில சுற்றுகளுக்குள் சிவப்பை யாரும் தொடமாட்டார்கள். பச்சைக்கு அந்த விதி வைத்தால் கற்றுக்கொள்ள நேரமாகும், ஏனெனில் அது கண்ணில் படுவதே அரிது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விதியை மறைத்து வைக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்னும் ஓர் ஐயம்: சிவிங்கிப்புலியின் உடலெங்கும் புள்ளிகளாக இருக்க, வால் நுனியில் மட்டும் வளையங்கள் இருக்கின்றனவே, குழந்தைகள் கேட்டால் எப்படி விளக்குவது?

மறுமொழி 1 எழுதியவர்:
இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து வெவ்வேறு வேகத்தில் பரவினாலே கோலங்கள் தாமாக உருவாகும் என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் கணக்கிட்டுக் காட்டினார். இதை விலங்குகளின் வாலுக்குப் பொருத்திப் பார்த்த மற்றொரு கணிதவியலாளர் ஜேம்ஸ் மரே, குறுகிய இடத்தில் புள்ளிகளுக்குப் பக்கவாட்டில் இடமில்லாமல் போய், அவை பட்டைகளாகின்றன என்று விளக்கினார். குழந்தைகளுக்கு ஒரு தாளும் மையும் போதும். நீளமான முக்கோணமாகத் தாளை வெட்டி, ஒரே அளவிலான புள்ளிகளை ஒரே இடைவெளியில் அகலமான பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். நுனியை நெருங்கும்போது ஒரு புள்ளியே முழு அகலத்தையும் அடைத்துக்கொள்ளும். தாளைச் சுருட்டி ஒட்டினால் அதுவே வளையமாகிவிடும். மை நன்றாகக் காய்ந்த பிறகு சுருட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புள்ளிகளெல்லாம் ஒன்றோடொன்று இழுவிவிடும்.