டிவி பார்த்து வானம் பார்க்க வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹாரோவாசி:

இங்கிலாந்தில் வானம் பார்க்கும் நம்மவர்களிடம் 'எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது?' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: பிபிசியின் 'தி ஸ்கை அட் நைட்'. 1957 ஏப்ரல் 24 அன்று தொடங்கி மாதம் ஒரு முறை வரும் நிகழ்ச்சி. 2012 டிசம்பரில் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து வருடம், பேட்ரிக் மூர்தான் நடத்தினார். நடுவில் ஒரே ஒரு மாதம், 2004 ஜூலையில், கெட்டுப்போன முட்டையைச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அன்றைக்கு மட்டும் கிறிஸ் லின்டாட் நடத்தினார்.

மூர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வானியல் படித்தவர் இல்லை. சசெக்ஸ் கடற்கரையில் செல்சி என்ற ஊரில், வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு நிலாவை வரைந்துகொண்டிருந்தவர். கடைசி வருடங்களில் அந்த வீட்டிலேயே வந்து படம் பிடித்தார்கள். ஒற்றைக் கண் கண்ணாடியும் மூச்சுவிடாத பேச்சுமாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் புதிதாக வருகிறவனுக்கு எது தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பெரிய விஞ்ஞானிகளுக்கு அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

நிகழ்ச்சியில் ஒரு பகுதிக்குக் கருந்துளை, பிரபஞ்சத் தோற்றம் என்று பேராசிரியர்கள் வந்து பேசுவார்கள். அதில் பாதி எனக்கு இன்றும் விளங்காது. எனக்குப் பயன்பட்டது பீட் லாரன்ஸ் வந்து 'இந்த மாதம் என்ன பார்க்கலாம்' என்று சொல்லும் சில நிமிடங்கள்தான். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை மணிக்கு, வெறும் கண் போதுமா பைனாகுலர் வேண்டுமா, அவ்வளவுதான் சொல்வார். சப்தரிஷி மண்டலத்தின் நான்கு மூலை நட்சத்திரங்களில் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு ஒரு கோடு இழுத்து, அதே தூரம் இன்னும் நீட்டினால் எம் 81, எம் 82 என்று, நம் பால்வெளி மாதிரி இரண்டு கேலக்ஸிகள் கிடைக்கும். இந்த மாதிரி 'வழி சொல்லும்' பேச்சு ஒன்று மனதில் நின்றுவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

இது எனக்கு எப்படி உதவியது என்று சொல்கிறேன். 2014 ஜனவரி 21 அன்று லண்டன் மில் ஹில்லில் உள்ள பல்கலைக்கழக வானாய்வகத்தில் ஓர் ஆசிரியர் மாணவர்களுக்குத் தொலைநோக்கியை இயக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேகம் மூடிக்கொண்டு வந்ததால், இருக்கிற சில நிமிடத்துக்குள் பளிச்சென்று தெரிகிற ஏதாவது ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று எம் 82 பக்கம் திருப்பினார்கள். அதில் முன்பு இல்லாத ஒரு நட்சத்திரம். சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம்! 1.2 கோடி ஒளியாண்டு தூரம் என்றாலும், சூப்பர்நோவாக்களில் அது பக்கத்து வீடு. மில் ஹில் எங்கள் ஏரியாவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

செய்தி கேட்டதும் நான் எந்த வரைபடத்தையும் தேடவில்லை, வழி ஏற்கெனவே தெரியும். அடுத்து வானம் திறந்த இரவில் ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு விளக்கு நேராகக் கண்ணில் அடித்ததால் தலைமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. எம் 82 ஒரு மங்கலான கீற்றாகத்தான் இருந்தது. அந்தக் கீற்றின் மேல், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, ஊசி முனை மாதிரி ஒரு புள்ளி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'இதுக்கா இந்தக் குளிரில் என்னைக் கூப்பிட்டீங்க?' என்றாள். நியாயமான கேள்விதான்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். இந்த மாதிரி நிகழ்ச்சிகள் உங்களைக் கொல்லைக் கதவைத் திறந்து வெளியே அனுப்பினவா, இல்லை சோபாவிலேயே உட்கார வைத்தனவா?

ஈஸ்ட்ஹாம் தம்பி:

அண்ணா, எனக்குச் சோபாதான். நான் வளர்ந்தது மூர் காலத்தில் இல்லை, டிவியில் வரும் இயற்பியல் பேராசிரியர் பிரையன் காக்ஸ் காலத்தில். மலை உச்சியில் நின்றுகொண்டு காற்றில் முடி பறக்கப் பேசுவார், பின்னால் இசை பொங்கும், பார்த்து முடித்ததும் மனசு நிறைந்துவிடும். நிறைந்த மனசோடு படுக்கப் போய்விடுவேன்.

இன்னொரு குறை. வேட்டைக்காரன் என்று சொல்லும் மிருகசீரிட மண்டலத்தில் இருக்கும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை டிவியில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் காட்டிவிட்டார்கள். என் அக்கா மகனுக்கு யாரோ பிறந்தநாளுக்குத் தொலைநோக்கி கொடுத்தார்கள். பையன் ஆசை ஆசையாகப் பார்த்துவிட்டு 'மாமா, இது ரிப்பேர்' என்றான். ரிப்பேர் ஒன்றும் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு புகை தெரிந்தது, அதுதான் நெபுலா. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்க வராது. கேமராவோ நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் நிறங்களையே வடிகட்டி வடிகட்டி எடுத்துப் பிறகு சேர்க்கிறார்கள். இதை ஒரு வரி சொல்லிவிட்டு, பக்கத்திலேயே 'உங்கள் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) இப்படித்தான் தெரியும்' என்று ஒரு பென்சில் படத்தைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? பையன் இப்போது அந்தத் தொலைநோக்கியில் எதிர் பிளாக் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கும் அக்காவிடம் திட்டு.

செவ்வாய்க்காரி, லெஸ்டர்:

தம்பி சொல்வது சரி. ஆனால் என்னிடம் எதிர்ப்பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் நடந்தது.

2019 கடைசியில் திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். செய்தி முழுக்க 'வெடிக்கப் போகிறது, வெடிக்கப் போகிறது' என்று ஒரே ஆரவாரம். என் அம்மா பிறந்தது திருவாதிரையில். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து இருந்தவ. விசயத்தைச் சொன்னதும் 'என்ர நட்சத்திரத்துக்கு என்ன நடந்தது பிள்ளை?' என்று கேட்டுவிட்டா. பகிடியாகத்தான் கேட்டா, ஆனால் குரலில் கொஞ்சம் பயமும் இருந்தது.

அப்போதுதான் வானியல் நிகழ்ச்சிகளில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் கைகொடுத்தது. ஒரு நட்சத்திரம் மங்குகிறதா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே வெளிச்ச அளவு தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ரோகிணி, மறு பக்கம் வேட்டைக்காரனின் மற்றத் தோள்பட்டையில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ். வழமையாகத் திருவாதிரை ரோகிணியை விடப் பளிச்சென்று இருக்கும். 2020 பெப்ரவரியில் அது ரோகிணியிடம் தோற்று, பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. வெறும் கண்ணால், எங்கள் வீட்டு வாசலில் நின்றே பார்த்தோம். அம்மா கம்பளிக்குல்லா போட்டுக்கொண்டு தானும் வந்து நிற்பா. மேகமில்லாத இரவுகளில் 'இண்டைக்கு எப்படி?' என்று அவதான் முதலில் கேட்பா. ஒரு பழைய டயரியில் 'ரோகிணியை விடக் குறைவு', 'பெல்லாட்ரிக்ஸ் மாதிரி' என்று அவவின் கையெழுத்தில் இருக்கிறது. பிறகு அது திரும்பவும் பழைய வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நட்சத்திரமே கக்கிய தூசி மேகம்தான் எங்கள் பார்வைக்கு நடுவில் வந்து மறைத்தது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்டு நல்ல திருப்தி. 'தூசிதானே!' என்றா.

இதற்கு டிவி என்ன செய்தது என்று கேட்டால், உலகம் முழுக்க அமெச்சூர்கள் இப்படித்தான் மாறும் நட்சத்திரங்களைக் கணக்கெடுக்கிறார்கள் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரத்தைப் பார்த்து எழுதிவைப்பது சாதாரணச் சனம் செய்யக்கூடிய உருப்படியான வேலை என்று மூர் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்தவர்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். அவர்களுடைய வரைபடம் எல்லாம் பிரிட்டன் வானத்துக்கு. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஒன்றும் பொருந்தாது. லெஸ்டரில் தெற்குப் பக்கக் கூரைகளுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் வேட்டைக்காரன், யாழ்ப்பாணத்தில் கிழக்கில் சரிந்து படுத்தபடி எழும்பி, திருவாதிரை நேராக உச்சந்தலைக்கு வந்துவிடும். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளபளவென்று நிற்கும். இங்கிலாந்தில் எவ்வளவு காலம் இருந்தாலும் அதைப் பார்க்கக் கிடைக்காது, அடிவானத்துக்கு மேலேயே வராது. என் பிள்ளைகளுக்கு அதை அடையாளம் காட்டியது டிவி இல்லை, ஊரில் இருக்கும் அவர்களின் தாத்தா.

மெல்பர்ன் மேகம்:

நான் இங்கே ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்கிறேன். நீங்கள் சொல்வது பார்க்கிற நிகழ்ச்சி. எங்களுக்கு வேலை வாங்கிய நிகழ்ச்சி ஒன்று வந்தது.

பிபிசியில் 2011 முதல் வந்த 'ஸ்டார்கேஸிங் லைவ்'வை 2017 ஏப்ரலில் இங்கத்தைய ஏபிசி தொலைக்காட்சியும் நடத்தியது. நியூ சவுத் வேல்ஸில் கூனபராபரன் பக்கத்தில் இருக்கும் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு. முதல் நாளே ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்கள். கெப்ளர் விண்கலம் அளந்த நட்சத்திர ஒளியின் வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன, ஒளி சீரான இடைவெளியில் துளி குறைகிறதா என்று நீங்களே பாருங்கள் என்றார்கள். குறைந்தால், ஒரு கோள் அந்த நட்சத்திரத்தைக் குறுக்கே கடக்கிறது என்று அர்த்தம். கணினி இதைச் செய்யும்தான், ஆனால் சிலதைக் கோட்டை விடும்.

நானும் என் மகளும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு 'ஆமா, இல்லை, இல்லை, ஆமா' என்று தட்டிக்கொண்டே இருந்தோம். எனக்கு எல்லாம் கொசு மொய்த்த மாதிரி புள்ளிகளாகத்தான் தெரிந்தன. மகளுக்குக் கண் கூர்மை. 'அப்பா, இதில் பள்ளம் ஒரே இடைவெளியில் வருது' என்று அவள்தான் காட்டுவாள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் இப்படித் தட்டியதில், ஒரே நட்சத்திரத்தைச் சுற்றும் பல கோள்கள் பிடிபட்டன. அதே வாரம் நிகழ்ச்சியில் அறிவித்தார்கள். அதைக் கண்டவர்களில் டார்வின் நகரத்துக் கார் மெக்கானிக் ஒருவரும் உண்டு. 2018 ஜனவரியில் அது கே2-138 என்ற பெயரில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது, ஐந்து கோள்கள். அவற்றின் சுற்றுக் காலங்கள் அடுத்தடுத்துக் கிட்டத்தட்ட இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்திருக்கின்றன. எங்கள் தட்டல் அதில் எதற்காவது உதவியதா, தெரியாது. மகள் உதவியதாகத்தான் பள்ளியில் சொல்லிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

ஈஸ்ட்ஹாம் தம்பி:

அண்ணே, உங்கள் பேரில் மேகம் இருப்பதால் கேட்கிறேன், அங்கேயும் மேகம்தானா? 2015 மார்ச் 20 சூரிய கிரகணத்துக்கு எங்கள் ஆபீஸே கண்ணாடியோடு வாசலில் நின்றது. லண்டன் முழுக்கத் தார்ப்பாய் போட்ட மாதிரி மேகம். லேசாக இருட்டியது, குளிர்ந்தது, அவ்வளவுதான். உள்ளே போய் டிவியில் ஃபரோ தீவுகளுக்கு மேல் விமானத்திலிருந்து எடுத்த முழு கிரகணத்தைப் பார்த்தோம். அந்த ஒரு நாள் டிவிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஹாரோவாசி:

செவ்வாய்க்காரி அக்கா, அம்மாவின் டயரியைப் பத்திரமாக வைத்திருங்கள். உண்மையாகவே அது ஆவணம்.

டிவியால் முடியாத ஒன்று, அவசரம். 2024 மே 10 இரவு வடதுருவ ஒளி லண்டன் வரை இறங்கி வந்தது. மாத நிகழ்ச்சிக்கு அது எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் ஒரு நண்பர் 'வெளியே வா' என்று அனுப்பியதால் பார்த்தேன். ஆனால் வடக்கே பார்க்க வேண்டும், கண்ணுக்கு மங்கலாக இருந்தாலும் போன் கேமராவில் நிறம் வரும் என்பதெல்லாம் இந்த நிகழ்ச்சிகளில் கேட்டுத் தெரிந்ததுதான்.

முகில்மறைவு:

எல்லோருக்கும் வணக்கம். நான் புதிது, படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது 'தி ஸ்கை அட் நைட்' பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஏப்ரல் மாதம். உடனே ஒரு தொலைநோக்கி வாங்கலாமா? கடையில் '500 மடங்கு பெரிதாக்கும்' என்று போட்ட பெட்டி ஒன்று மலிவாக இருக்கிறது.

ஹாரோவாசி:

வேண்டாம் தம்பி, அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிடுங்கள். '500 மடங்கு' என்று பெட்டியில் போட்டிருந்தாலே நகர்ந்துவிட வேண்டும். வில்லை சின்னதாக இருந்தால் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் மங்கலைத்தான் பெரிதாக்கும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த லென்ஸ் தொலைநோக்கிக்குக் காசைக் கொட்டாதே, அதற்குப் பதில் பைனாகுலர் வாங்கு என்று மூர் சலிக்காமல் சொன்னார். 7x50 அல்லது 10x50 பாருங்கள். முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது வில்லையின் அகலம் மில்லிமீட்டரில். கை நடுங்கினால் 7x50 நல்லது. முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் புள்ளிகளாகத் தெரியும், கார்த்திகைக் கூட்டம் கண்ணை நிறைக்கும்.

இன்னொன்று, நீங்கள் தொடங்கும் மாதம் சரியில்லை. மே பாதியிலிருந்து ஜூலைக் கடைசி வரை இங்கே இரவு முழுதாக இருட்டாது. நிலாவைப் பாருங்கள். முழுநிலா வேண்டாம், அது தட்டையாக இருக்கும். அரைநிலா அன்று ஒளியும் இருளும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து பிரமாதமாக இருக்கும். ஆகஸ்ட் 12 வாக்கில் பெர்சியட் எரிகற்கள் வரும், அதற்குப் பைனாகுலர்கூடத் தேவையில்லை, ஒரு சாய்வு நாற்காலி போதும்.

செவ்வாய்க்காரி, லெஸ்டர்:

போர்வையும்.