விரதத்தில் மென்று தின்னும் வைட்டமின் மாத்திரை: யாராவது சொல்லுங்களேன்

வணக்கம். மொரிசியஸ், ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கிவிட்டோம். வீட்டில் முட்டைகூடக் கிடையாது.

நேற்றுதான் மகளின் வைட்டமின் மாத்திரைப் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பிரெஞ்சில் பொடி எழுத்து. மாமியாரின் கண்ணாடியை வாங்கிப் படித்தேன். ஜெலட்டின் இருக்கிறது, அதாவது விலங்கின் தோலும் எலும்பும். சிவப்பு நிறத்துக்கு இ120, பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம்! வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பதாம். சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி வேறு இருக்கிறது, அளவு மீறினால் வயிறு இளகும். (அன்று அவள் நான்கை ஒன்றாகத் தின்றதன் பலன் இப்போது புரிகிறது.)

மாத்திரை அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டும் இருக்கிறது. அது தாவரத்திலிருந்தும் வரும், விலங்கிலிருந்தும் வரும் என்கிறார்கள். எதுவென்று புட்டியில் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெலட்டின் இல்லாத, லைக்கனிலிருந்து (பாறையிலும் மரத்திலும் படரும் பாசி போன்றது) எடுத்த டி3 உள்ள மாத்திரை இங்கே எந்த மருந்துக் கடையில் கிடைக்கும்? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.