கலபகோஸ் தீவுகளுக்குப் போகும் முன்பே ஸ்கூபா கற்க வேண்டுமா, அங்கேயே கற்கலாமா?

கேள்வி:

வணக்கம். எனக்கு 52 வயது, என் மனைவிக்கு 48. எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி, அடுத்த ஆகஸ்டில் ஈக்வடார் நாட்டின் கலபகோஸ் தீவுகளுக்குச் சென்று, எட்டு நாள் கப்பலிலேயே தங்கி எரிமலைத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க எண்ணியிருக்கிறோம். இருவருக்கும் நீச்சல் தெரியும், காற்றுக் கலனைச் சுமந்து கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா பழக்கமில்லை. நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்று சொல்லும் சுத்தியல்தலைச் சுறாக்களைக் கடலுக்கடியில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பயிற்சியை அங்கேயே முடித்துக்கொண்டு, அதே கப்பலிலிருந்து டைவ் செய்ய இயலுமா? விமானம் தரையிறங்கும்போதே என் மனைவிக்குக் காது அடைத்து வலிக்கும் என்பதால் அவர் தயங்குகிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1:

நான் இருமுறை சென்று வந்தவன். அங்கே கற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அங்குள்ள கப்பல்கள் இரண்டு வகை. வழிகாட்டியுடன் நாள்தோறும் கரையிறங்கித் தீவுகளைக் காட்டும் கப்பல்களில் பொதுவாக ஸ்நார்கெல் (நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய்வழி மூச்சுவிட்டுக் கடலைப் பார்ப்பது) மட்டுமே உண்டு. டைவிங்குக்கென்றே உரிமம் பெற்ற படகுகள் வடகோடியிலுள்ள டார்வின், வுல்ஃப் தீவுகள்வரை போகும். கொம்பன் சுறாக்கள் பெருங்கூட்டமாகத் திரிவது அங்கேதான் என்றாலும், அவ்விரு தீவுகளிலும் பயணிகள் கரையிறங்க முடியாது. நீரோட்டமும் கடுமையானது என்பதால், அப்படகுகள் பெரும்பாலும் நல்ல டைவ் அனுபவம் உள்ளவர்களையே ஏற்கின்றன.

நிலநடுக்கோட்டில் பென்குயின் வாழ்வது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். மேற்கிலிருந்து ஆழத்தில் ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம் இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகளின் அடிவாரத்தில் மோதி, சத்து நிறைந்த குளிர்நீரை மேலே தள்ளுகிறது. உங்களைச் சிரமப்படுத்தப் போகும் குளிரும் நீரோட்டமும்தான் அந்த உயிர்களுக்குச் சோறு போடுகின்றன. மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றவே தடுமாறும் நிலையில் அதில் இறங்கினால், பக்கத்தில் சுறா வந்தாலும் கண்ணில் படாது.

ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் அடிப்படைப் பயிற்சியை முடியுங்கள். நான்கு கடல் டைவ்கள் அதில் அடங்கும். முடித்தால் 18 மீட்டர்வரை இறங்கத் தகுதி கிடைக்கும். அத்துடன் நிறுத்தாமல் மேலும் பதினைந்து டைவ்களாவது செய்துகொள்ளுங்கள். கலபகோஸில் ஐந்து நாள் கப்பலும், பிறகு சாந்தா குரூஸ் தீவின் புவேர்ட்டோ அயோராவில் தங்கி இரண்டு நாள் டைவிங்கும் வைத்துக்கொள்ளலாம். கார்டன் ராக்ஸ் என்ற இடத்துக்கு அழைப்பார்கள்; நீரைச் சுழற்றியடிக்கும் இடம் அது, இப்போதைக்கு வேண்டாம். மொஸ்கேரா என்ற சிறு தீவின் அருகே மணலில் புதைந்து தலையாட்டும் தோட்ட விலாங்குகளைப் பார்க்கலாம்; அதிர்ஷ்டம் இருந்தால் கொம்பன் சுறாவும் அங்கேயே வரும்.

பதில் 2:

உங்கள் மனைவிக்காக எழுதுகிறேன். எனக்கும் அதே காது வலி இருந்தது. முதல் டைவில் மூன்று மீட்டரிலேயே ஊசி குத்துவதுபோல் வலித்தும், குழுவினர் எனக்காகக் காத்திருக்க வேண்டுமே என்று கூச்சப்பட்டுக் கீழே இறங்கிவிட்டேன். பத்து நாள் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை.

மறுமுறை பயிற்றுநர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் கீழாக, அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, மூக்கைப் பொத்தி மெல்லக் காற்றை ஊதச் சொன்னார். வலி வந்த பிறகு அல்ல, வரும் முன்பே ஊத வேண்டும். அடைத்தால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயல வேண்டும். ஐந்து மீட்டர் இறங்க எனக்கு ஏழு நிமிடம் ஆயிற்று, வலியே இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது.

அவருக்கு டைவ் ஒத்துவரவில்லை என்றாலும் பயணம் வீணாகாது என்று அவரிடம் சொல்லுங்கள். ஃபெர்னாண்டினாவில் ஸ்நார்கெலோடு மிதந்தபோது, கடல் இகுவானா ஒன்று பாறையில் நகங்களைப் பதித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. அலை இழுக்கும்போதெல்லாம் உடல் முழுதும் ஆடியது, பிடி மட்டும் விடவில்லை. கரையேறியதும் மூக்கு வழியே உப்புநீரைப் பீய்ச்சியது. கடலில் இரை தேடும் பல்லியினம் உலகில் அது ஒன்றுதான். ஆகஸ்டில் நீர் மிகவும் குளிரும். ஸ்நார்கெலுக்கும் வெட்சூட் எனும் குளிர்தாங்கும் ரப்பர் உடையைக் கேட்டு வாங்குங்கள், டைவ் என்றால் தலைமூடியுடன் ஏழு மில்லிமீட்டர் தடிமன் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தமான் என்று முடிவு செய்துவிட்டோம். மனைவியும் காது மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். கடைசி டைவுக்கும் திரும்பும் விமானத்துக்கும் எவ்வளவு இடைவெளி தேவை?

பதில் 3:

பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் முழுதாக 24 மணி நேரம் விடுவேன். இதனால்தான் முதல் பதிலில் சொன்ன வரிசையை மாற்றச் சொல்கிறேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் ஓய்வு, அடுத்து டைவிங், கடைசியில் கப்பல் என்று வைத்தால், டைவின்போது சுவாசித்த காற்றிலிருந்து உடலில் தேங்கிய நைட்ரஜன் வெளியேறக் கப்பல் நாட்களே போதும். தலைநகர் கீட்டோ வழியாகத் திரும்பினால், அந்நகரமே விமானத்துக்குள் போலக் காற்றழுத்தம் குறைந்த, சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 200 டாலர். ஈக்வடாரிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அது செல்லும் என்பதால், அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.